எத்தனாலும் நானும் சில வயசான வண்டிகளும்

பழைய வண்டி மெக்கானிக்கின் தொழிலில் பாதி வேலையை ஸ்பேனர் செய்யும், மீதியை வாய் செய்யும். பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்ததிலிருந்து என் ஸ்பேனருக்கு வேலை கூடிவிட்டது, வாய்க்கு அடி கூடிவிட்டது.

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை. இருபத்தெட்டு வருஷமாக அதில் பாதி என்னுடையது, மீதிப் பாதி ஜாபருடையது. ஜாபர் வண்டி எலெக்ட்ரீஷியன், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், இருவரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். புது வண்டிகளை நான் தொடுவதில்லை. என்னிடம் வருவதெல்லாம் பெட்ரோலில் பெட்ரோல் மட்டுமே இருந்த காலத்தில் பிறந்த வண்டிகள். இப்போது பங்க்கில் போடுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கிற ஸ்பிரிட். அக்கம்பக்கத்து ஜில்லாக்காரர்கள் பாட்டிலுக்கும் பெட்ரோலுக்கும் எல்லை தாண்டி வருகிற எங்கள் ஊரில், ஸ்பிரிட் உள்ளே போனால் என்னென்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மனுஷனுக்கு ஆவது எல்லாம் வண்டிக்கும் ஆகிறது. நடை தள்ளாடுகிறது, பாதி வழியில் படுத்துக்கொள்கிறது, காலையில் எழுந்திருக்க மறுக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய ஸ்கூட்டரோ, புல்லட்டோ, தார்ப்பாய் போர்த்திய அம்பாசிடரோ இருந்தால் நீங்களும் என் கட்சி. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள், என் பங்குக்கு நானும் அழுதுவிடுகிறேன்.

மூன்று டியூப்

வரிச்சிக்குடியிலிருந்து வரும் வசந்தா டீச்சர் மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுப்பவர். முதல் சம்பளத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கியர் ஸ்கூட்டரை இன்னும் ஓட்டுகிறார். ஒருநாள் வண்டியில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று கொண்டுவந்தார். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் டியூப் தொட்டால் ஒட்டியது, இழுத்தால் வெந்த சேமியா மாதிரி கையோடு வந்தது. கடையில் ஆணியில் தொங்கும் டியூப் சுருளிலிருந்து ஒரு முழம் வெட்டி மாட்டி அனுப்பினேன். ஒன்றரை மாதத்தில் அதே வாடை. மறுபடி ஒரு முழம். மூன்றாவது தடவை வந்தபோது அவர் கையில் மூடி போட்ட கண்ணாடிச் சீசா இருந்தது. நான் மாட்டிய டியூப்பில் ஒரு துண்டை வெட்டி, பள்ளிக்கூட லேபில் பங்க் பெட்ரோலில் மூன்று வாரம் ஊறப் போட்டிருக்கிறார். சீசாவுக்குள் அது உப்பி, வழவழத்து, பெருவிரல் தடிமனுக்கு வந்திருந்தது.

“இந்த டியூப் எப்ப வாங்கினதுங்க?” என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “என் பொண்ணு பொறந்த வருஷம் மொத்தமா வாங்கிப் போட்டது டீச்சர். அவ இப்ப காலேஜ் மூணாவது வருஷம். அந்தக் காலத்து ஒரிஜினல் சரக்கு, இப்ப தேடினாலும் கெடைக்காது” என்றேன். அவர் சீசாவை என் மேஜைமேல் வைத்தார். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“அதாங்க பிரச்சினையே. வண்டியும் அந்தக் காலம், டியூப்பும் அந்தக் காலம், மெக்கானிக்கும் அந்தக் காலம். பெட்ரோல் மட்டும்தான் இந்தக் காலம்.”

குழாய் வித்தை

எத்தனால் தாங்குகிற புது மாதிரி டியூப் வரவழைத்து டீச்சர் வண்டிக்கு மாட்டினேன், வாடை நின்றது. அதோடு விட்டிருக்கலாம். போகிறபோது அவர் எனக்கு ஒரு பரிசோதனையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் பெட்ரோலை ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் குலுக்கி வைத்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அடியில் தண்ணீர் மட்டம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு எத்தனால். இது தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹாரன் அடிக்காத வண்டி வந்தால்கூடக் குழாயை எடுத்துக் குலுக்கினேன்.

ஒரு நாள் காலை, நிரவியிலிருந்து பேங்க் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரின் பழைய பைக் சரியாக என் கடை வாசலில் நின்றது. அவர் இறங்குவதற்குள் நான் குழாயோடு போய்விட்டேன். குலுக்கினேன், வெயிலுக்கு நேரே பிடித்தேன். டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்தார்கள். கால் மணி நேரம் பேசினேன். கரும்பில் ஆரம்பித்துக் கார்புரேட்டரில் முடித்தேன். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, மிதவையைத் துடைத்து மாட்டினேன். உதைத்தேன். வரவில்லை. பதினைந்து உதை உதைத்தேன். பேங்க்காரர் வாட்சைப் பார்த்தார், கூட்டம் என் காலைப் பார்த்தது. பக்கத்துப் பாதியிலிருந்து ஜாபர் டீ டம்ளரோடு வந்தான், குனிந்தான், ஸ்பார்க் பிளக்கின் மூடிக்குள்ளிருந்து கழன்று கிடந்த ஒயரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான். அதைத் திருகிச் செருகிவிட்டு, ஒரே உதையில் வண்டியைக் கிளப்பி பேங்க்காரரிடம் கொடுத்தான். டம்ளரில் டீ சிந்தவே இல்லை.

“மாப்ள, பெட்ரோல்ல என்ன கலந்திருக்குன்னு கண்டுபிடிச்சிட்ட. அது எரியறதுக்கு நெருப்பு வேணும்ல, அதை ஆரு கலக்குறது?”

செதில்

திருவேட்டக்குடி அஞ்சலையின் மொபெட்டுக்கு வயது அவர் மூத்த மகளின் வயது. விடியலில் கரையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, உள்ளே வயக்காட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பார். உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் பட்டு டேங்க் உள்ளே துரு ஏறியிருந்தது. புது டேங்க் தேடுவதை விட்டுவிட்டு நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். டேங்குக்குள் ஊற்றி உருட்டினால் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டு துருவை மூடிவிடும் ஒரு பூச்சு என்னிடம் பழைய டப்பாவில் இருந்தது. ஊற்றினேன், உருட்டினேன், இரண்டு நாள் காய வைத்தேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது. “இனிமே இந்த டேங்குக்கு உங்க பேரப்புள்ள காலம் வரைக்கும் ஒண்ணும் ஆவாது” என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம்தான். பங்குனி வெயிலில், வயல் நடுவில், நிழல் இல்லாத இடத்தில் மொபெட் நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்து, ஊதிப் பார்த்து, அரை மைலுக்கு ஒருதரம் நின்று நின்று அவர் ஊருக்குள் போய்ச் சேரும்போது ஐஸ் கரைந்து பெட்டி ஒழுகியிருக்கிறது. அன்றைய சங்கராவும் கெளுத்தியும் பாதிக்கு மேல் வீண். நேரே என் கடைக்கு வந்தார். பெட்டியை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். டேங்கைக் கழற்றி ஒரு வாளியில் கவிழ்த்தேன். எத்தனால் என் பூச்சை உரித்தெடுத்திருந்தது. நகக்கண் அளவில், வளைவு வளைவாக, வெள்ளையாக வாளி நிறைய வந்து விழுந்துகொண்டே இருந்தது. கார்புரேட்டர் வாயிலும் அதுதான் அடைத்திருந்தது. அன்றைக்கே நாகப்பட்டினம் போய் நல்ல டேங்க் ஒன்று தேடிக் கொண்டுவந்து மாட்டினேன். மாட்டி முடிக்கிற வரை அஞ்சலை அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உள்ளே கைவிட்டு இரண்டு செதிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“செதிலு உரிக்கிறதுதான் வேலைன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே, அருவாமனைய வெச்சு அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துருப்பேன்.”

சொல்தாவின் மொபிலெட்

அந்துவான் ஐயா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். வருஷத்தில் பாதி இங்கே, மீதி பிரான்ஸில் மகள் வீட்டில். அவரிடம் ஒரு மொபிலெட் இருக்கிறது, மிதித்துக் கிளப்புகிற பிரெஞ்சு மொபெட். மழைத்தூறல் என்றால் வெளியே எடுக்க மாட்டார். போன தடவை கிளம்பும்போது, “ஏழு மாசம் நிக்கும், என்ன செய்யணும்?” என்று என்னைக் கேட்டார். நான் தொழில் கற்ற நாளில் கற்ற பாடத்தை அப்படியே ஒப்பித்தேன்: டேங்கை முழுக்க நிரப்பி வையுங்கள், உள்ளே காற்று இல்லாவிட்டால் துரு பிடிக்காது. அவர் ராணுவக்காரர் அல்லவா, சொன்னதை அப்படியே செய்தார்.

திரும்பி வந்தபோது பிரெஞ்சுக்கார மருமகனும் கூட வந்திருந்தார். மாமனார் இத்தனை வருஷமாகப் பெருமை பேசிய வண்டியைப் பார்க்க ஆசை. நான் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, “ஒரு மிதி, பாருங்க” என்றேன். வீட்டு முற்றத்தில் அதை மிதித்தபடி எட்டுச் சுற்று வந்தேன். மருமகன் முதலில் கைதட்டினார், ஐந்தாவது சுற்றில் நிறுத்திவிட்டார். டேங்கைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தோம். மேலே மஞ்சளாகக் கொஞ்சம், கீழே கலங்கலாகக் கொஞ்சம், அதற்கும் கீழே பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ ஒன்று. எங்கள் கடற்கரைக் காற்றிலிருந்த ஈரத்தை எத்தனால் ஏழு மாதமாக உறிஞ்சிக் கொண்டிருந்திருக்கிறது. கார்புரேட்டருக்குள் பச்சை நிறத்தில் உப்பு பூத்திருந்தது. சொல்தா டம்ளரை வாங்கி, சுழற்றி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மருமகனிடம் பிரெஞ்சில் என்னவோ சொன்னார், அவர் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

“ஒண்ணுமில்லப்பா. நம்ம வீட்டு ஒயின ஏழு வருஷம் வெச்சா ருசி ஏறும், இவரு சொன்னபடி சாராயத்த ஏழு மாசம் வெச்சா ஜாம் ஆயிடும்னு சொன்னேன்.”

பங்க்கில் ஒரு நியாயம்

அதற்குப் பிறகு கடைக்கு வேண்டிய பெட்ரோலை நானே அவ்வப்போது கொஞ்சமாக ஐந்து லிட்டர் கேனில் வாங்கிவந்து வைத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் மூன்று வண்டி அடுத்தடுத்துத் திணறின. குழாயில் ஊற்றிப் பார்த்தால், நான் தண்ணீர் சேர்க்கும் முன்பே அடியில் தண்ணீர் நின்றது. எனக்கு ரத்தம் கொதித்தது. கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்குப் போனேன். பம்ப்பில் நிற்கும் ரேவதி எனக்குப் பல வருஷப் பழக்கம். அவளிடமே, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி, பெட்ரோலில் தண்ணீர் விற்கிறீர்களே, இது நியாயமா என்று ஆரம்பித்தேன்.

ரேவதி பம்ப்பிலிருந்து நேராக ஒரு குடுவையில் பிடித்து என் குழாயிலேயே ஊற்றிக் காட்டினாள். சுத்தமாக இருந்தது. பிறகு என் கேனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, கைப்பிடி இடுக்கில் காய்ந்திருந்த சோப்பைப் பார்த்துவிட்டு, “வீட்டுக்கு ஒரு போன் போடுங்கண்ணே, ஸ்பீக்கர்ல” என்றாள். போட்டேன். என் மனைவி எடுத்தவுடன், “நானே கூப்புடணும்னு இருந்தேன். நாத்தம் தாங்கலன்னு அந்தக் கேன சோப்புப் போட்டுக் கழுவிக் கொல்லைல கவுத்து வெச்சிருந்தேன், ஒரு கரண்டித் தண்ணி உள்ளயே நின்னுச்சு, காயறதுக்குள்ள ஆரு எடுத்தது?” என்றாள். வரிசையில் கடைசியில் நின்ற ஆட்டோக்காரர் வரைக்கும் அது கேட்டது. பழைய பெட்ரோலாக இருந்தால் அந்தத் தண்ணீர் அடியில் தனியாகக் கிடந்திருக்கும், நானும் முன்பே பார்த்திருப்பேன். எத்தனால் அதைக் கொஞ்ச நேரம் தன்னோடு மறைத்து வைத்து, ஆறிய பிறகு காட்டிக்கொடுத்திருக்கிறது. இதை நான் ரேவதிக்கு விளக்க ஆரம்பித்தேன். அவள் அடுத்த வண்டிக்கு ஊற்றப் போய்விட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“அண்ணே, அடுத்த தடவ சண்டைக்கு வரும்போது அண்ணியையும் கூட்டிட்டு வந்துருங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்.”

பொன்னாடை

திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்துகிற ஒருவரிடம் வெள்ளை அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. வைகாசியில் அவர் தம்பி மகனுக்குக் கல்யாணம், மண்டபம் காரைக்காலில். மாப்பிள்ளை அந்த வண்டியில்தான் வர வேண்டும் என்று ஆசை, அதன் குணம் தெரிந்தவன் என்று என்னையே ஓட்டச் சொன்னார்கள். காரைக்கால் டவுன் எல்லைவரை நன்றாகவே வந்தது. மண்டபத் தெருவுக்குள் திரும்பியதும் நாதஸ்வரக்காரர்கள் முன்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். காலை ஒன்பதரை வெயில், முதல் கியரில் அடி அடியாக நகர வேண்டும். எஞ்சின் கொதித்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப்புக்குப் போகும் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டது. வண்டி இரண்டு தடவை விக்கியது, மண்டபத்துக்கு ஒரு பர்லாங் இருக்கும்போது உட்கார்ந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு இருபத்தைந்து நிமிஷம். மாப்பிள்ளை இறங்கி நடக்கக் கூடாது என்று அவருடைய அத்தை ஒரே பிடி. நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்தார், நான் பானெட்டைத் திறந்தேன்.

பம்ப்பின் மேல் ஈரத் துணி போட்டால் ஐந்து பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். துணிதான் இல்லை. என் கைத்துணி எண்ணெயில் ஊறியது, அதைப் போட்டால் பற்றிக்கொள்ளும். மாப்பிள்ளைப் பையன் நல்ல மாதிரி. தோளில் இருந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டி, “போடுங்கண்ணே, மொதல்ல போய்ச் சேருவோம்” என்றான். குடிதண்ணீர் பாட்டில்கள் போதவில்லை, பன்னீர்ச் செம்பையும் சேர்த்துக் கவிழ்த்தேன். கல்யாண வாசனையோடு பம்ப் குளிர்ந்தது. பன்னிரண்டாவது நிமிஷம் வண்டி கிளம்பியது, நாலு நிமிஷம் மிச்சம் வைத்து மண்டப வாசலில் நிறுத்தினேன். அங்கவஸ்திரத்தைப் பிழிந்து மடித்து, கிரீஸ் பட்ட பக்கத்தை உள்ளே வைத்து, மரியாதையாக நீட்டினேன். ஆரத்தித் தட்டோடு நின்ற மணப்பெண்ணின் அம்மா அதை ஒரு நுனியால் தூக்கிப் பார்த்தார்.

“வண்டிக்குப் போட்ட பொன்னாடைய வண்டிக்கே வெச்சிருங்க, எங்க மாப்பிள்ளைக்கு நாங்க வேற போட்டுக்குறோம்.”

கோணல் கோடு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஜாபர்தான், மத்ததெல்லாம் எழுதிட்டு இத விட்டா அது பொய்யி என்றான்.

நசீர் குவைத்தில் வேலை செய்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் ஊருக்கு வருவார். வீட்டில் அவருடைய வாப்பாவின் புல்லட் நிற்கிறது. வாப்பா துணி வியாபாரி, சனிக்கிழமை தோறும் அதில் நாகூர் போய் வருவாராம். டேங்கின் இரண்டு பக்கமும் தங்க நிறக் கோட்டை அவரே தன் கையால் வரைந்திருக்கிறார். இடது பக்கக் கோடு நடுவில் கொஞ்சம் கோணல், அந்த இடத்தில் தும்மல் வந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்களாம். அவர் மவுத்தாகி, அடக்கம் செய்து ஆறு வருஷம். நசீர் வருவதற்குப் பத்து நாள் முன்னால் வண்டி என் கடைக்கு வந்தது. டேங்கைக் காலி செய்து ஒரு வாரம் வைத்து, நல்ல டியூப் மாட்டினேன், கார்புரேட்டரைப் புதிதாக்கினேன். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கு இருக்கிறதே, அதற்குள் இருக்கும் வாஷரை மட்டும் மாற்றவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எத்தனாலில் ஊறி உப்பியிருந்த ரப்பர், டேங்க் காலியாக இருந்த ஒரு வாரத்தில் காய்ந்து சுருங்கி, பெட்ரோல் கசிய வழி விட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நசீர் வருகிற அன்று காலை பெட்ரோல் ஊற்றி, வண்டியைக் கிளப்பி, சூடாகட்டும் என்று விட்டுவிட்டு மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கார்புரேட்டர் ஒரு தடவை எதிர்த்து இருமியது. டேங்குக்குக் கீழே நீலமாக ஒன்று எழுந்தது, பிறகு மஞ்சளாக. நான் கையில் துணியோடு நின்றேன். இருபத்தெட்டு வருஷ அனுபவம், ஒரு அடி நகரவில்லை. ஜாபர்தான் மணல் வாளியோடு ஓடிவந்தான், நனைத்த சாக்கை மேலே போட்டு அமுக்கினான். அரை நிமிஷம் இருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டேங்கின் இடது பக்கம் பெயிண்ட் கொப்பளித்து, அந்தக் கோடு பாதிக்கு மேல் கருகிப்போயிருந்தது.

நசீர் சாயந்திரம் வந்தார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை, வாஷரைக் கையில் வைத்துக் காட்டி, என் தப்பு என்று சொன்னேன். அவர் டேங்கைத் தடவிக்கொண்டு நின்றார். ஜாபர் தன் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டான். ரப்பர் என்று இருந்த ஒவ்வொன்றையும் மாற்றி ஐந்தாம் நாள் வண்டியை ஒப்படைத்தேன். கும்பகோணத்தில் கை நன்றாக ஓடும் பெயிண்டர் ஒருவர் இருக்கிறார், பழைய போட்டோவைக் காட்டினால் கோணலோடு அப்படியே வரைவார், நானே கொண்டுபோய் வருகிறேன் என்றேன். நசீர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே தலையை ஆட்டினார்.

“கோடு போட வேணாம்ண்ணே. இதப் பாத்தா வாப்பா நெனப்பு வரும், இனிமே உங்க நெனப்பும் கூடச் சேந்து வரும், இருக்கட்டும்.”

நல்ல மெக்கானிக்

இப்போது என் கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யவும். டியூப், வாஷர், மிதவை ஊசி மூன்றையும் புது மாதிரிக்கு மாற்றவும். பழைய பூச்சு உள்ள டேங்க் என்றால் முன்கூட்டியே சொல்லவும். வருகிறவர்கள் படிக்கிறார்களோ இல்லையோ, நான் படிப்பதில்லை என்பது போன மாதம் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை திருநள்ளாற்றுக்கு என் சொந்த ஸ்கூட்டரில் போனேன். ஊரார் வண்டிக்கெல்லாம் ஊசி மாற்றிய எனக்கு என் வண்டிக்கு மாற்ற நேரம் வரவில்லை. கோயிலுக்குப் போகிற தெருவில், எள் தீபம் விற்கும் கடைகளுக்கு நடுவே, கார்புரேட்டருக்குள் ஊசியின் ரப்பர் நுனி உப்பிச் சிக்கிக்கொண்டு, பெட்ரோல் உள்ளே போகாமல் வண்டி நின்றது. வெளியூர்க் கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனது. நான் ஓரமாகத் தள்ளி, ஒரு ஸ்க்ரூடிரைவர்கூடக் கொண்டுவராத என் புத்தியை நொந்துகொண்டு, பத்து ரூபாய் நாணயத்தால் ஸ்க்ரூவைத் திருகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தீபக் கடைக்காரர் பாவம் பார்த்து ஸ்க்ரூடிரைவர் கொடுத்தார். குளத்தில் முழுகி வருகிறவர்களுக்குத் தீபம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே நான் கார்புரேட்டரைத் தட்டுவதைக் கவனித்தார். எப்படியோ ஊசி விடுபட்டது, இருமிக்கொண்டே வண்டி கிளம்பியது. ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. உண்மையான அக்கறையோடு என் பக்கமாகச் சாய்ந்து யோசனை சொன்னார்.

“இப்புடி ரோட்டுல வெச்சுப் பாக்காதீங்க சார். கோட்டுச்சேரி ரோட்ல ஒருத்தரு இருக்காராம், பழைய வண்டின்னா அவருதானாம். என்னத்துக்குக் கொண்டுபோனாலும் மொதல்ல பெட்ரோலத் திட்டுவாராம், அது முடியற வரைக்கும் கொஞ்சம் பொறுமையா இருந்துட்டா வேலை சுத்தமா இருக்குமாம்.”

இத்தனை கிழட்டு வண்டிகளையும் எத்தனாலுக்குப் பழக்கிவிட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் அவையெல்லாம் சேர்ந்து என்னைத்தான் பழக்கியிருக்கின்றன.